ஈயம் கலந்த விளைக்குச் சுண்ணாம்பா, கரியா?

எங்கள் விளையின் (தோட்ட நிலத்தின்) மூலையில் ஒரு சென்ட் இடத்தை முன்பு வாடகைக்கு விட்டிருந்தோம். வாடகைக்கு எடுத்தவர் அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார். மண்ணைச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அது. பிள்ளைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மண்ணை வெட்டி அகற்றலாம் என்று முதலில் நினைத்தேன். ஒரு சென்டில் அரை அடி ஆழம் எடுத்தாலே ஏறக்குறைய 8 டன். அதை எங்கே கொண்டு கொட்டுவது? யாரோ ஒருவரின் ஓடைக்கரையில் தட்டிவிட்டு வர மனசு வரவில்லை. கடுகும் சூரியகாந்தியும் நட்டு உறிஞ்ச வைக்கும் வழியும் ஈயத்துக்குச் சரிப்படாது. ஈயத்தில் பெரும்பங்கு வேரோடு நின்றுவிடும், தண்டுக்கு ஏறுவது சொற்பம்.

மிஞ்சியது, ஈயத்தை மண்ணிலேயே கட்டிப்போடும் சுண்ணாம்பும் கரியும்.

நம் குமரி மாவட்டத்துச் செம்மண்ணில் பல இடங்களில் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, அதிகம். புளித்த மண்ணில் ஈயமும் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் நீரில் கரைந்து வேருக்குப் போகும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பை மாற்றி உலோகத்தைப் படிய வைக்கும். விலை குறைவு, பலனும் சீக்கிரம். ஆனால் இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அடிக்கிறது. சில வருஷங்களில் மண் மறுபடி புளிக்கும், படிந்தது கரையத் தொடங்கும். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கரி பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். அதன் நுண்துளைகளும் பரப்பும் உலோகத்தைப் பிடித்து வைக்கும். எல்லாக் கரியும் ஒன்றல்ல என்பதுதான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டது. சிரட்டைக்கரி நம்மிடம் நிறைய கிடைக்கும், ஆனால் அதில் சாம்பலும் பாஸ்பரஸும் குறைவு. ஈயத்தைக் கரையாத உப்பாகப் பூட்டிப் போட பாஸ்பரஸின் உப்பான பாஸ்பேட் வேண்டும். அது மாட்டுச் சாணக் கரியில் அதிகம். அதனால் காய்ந்த வறட்டியையும் சிரட்டையையும் சேர்த்தே குழியில் எரித்தேன். புகை அடங்கி, மேலே மெல்லிய சாம்பல் படரும் நேரத்தில் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மிஞ்சுவது சாம்பல்தான். நன்றாக வெந்த சிரட்டைக்கரியைக் கல்லில் தட்டினால் கண்ணாடி போலக் கிணுங்கும். மண்ணின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தாலும் சென்டுக்கு 80 கிலோ வேண்டும். சிரட்டை மட்டும் என்றால் அதற்கு 300 கிலோவாவது எரிக்க வேண்டியிருக்கும். பொடித்ததை நனைத்த பிறகே தூவுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

என் தேர்வு கரிதான், முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்து. சாணக் கரியே காரத்தன்மை உள்ளது என்பதால், மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவைப் பார்த்துச் சுண்ணாம்பைக் குறைத்துக்கொண்டேன். மண்ணில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருந்தால் இந்த யோசனை செல்லாது. புளிப்பு குறையக் குறைய ஆர்சனிக் கட்டவிழ்ந்து நீரில் இறங்கும். எனவே சோதனைதான் முதலில். ரப்பர் தோட்டத்தில் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தெளித்துத் தெளித்துச் செம்பு சேர்ந்த மண்ணுக்கும் கரி உதவும்.

அப்புறம், பூட்டப்பட்ட ஈயம் மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. பிள்ளை அந்த மண்ணை வாயில் வைத்தால் ஈயமும் உள்ளேதான் போகும். அதனால் மேலே நல்ல மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறோம். கீரைப்பாத்தியைக் கிணற்றின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டோம்.