நெஞ்சுப் பட்டையோடு இரண்டு கோடை

2024 மார்ச் கடைசியில் இந்த இதயத் துடிப்புப் பட்டையை வாங்கினேன். நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வகை. இரண்டு கோடை முழுக்க மெரினாவில் இதைக் கட்டிக்கொண்டு ஓடியாயிற்று. வாங்கிய வாரமே எழுதியிருக்கலாம்தான். ஆனால் வியர்வையும் உப்பும் ஒரு பொருளை என்ன பாடு படுத்தும் என்பது சென்னையில் ஒரு கத்திரியைத் தாண்டினால்தான் தெரியும்.

ஜிபிஎஸ் வாட்ச் ஏற்கெனவே இருந்தது. மணிக்கட்டில் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துத் துடிப்பைக் கணக்குப் போடும். நடக்கும்போது சரியாகத்தான் காட்டும். ஓடும்போது கை ஆடும், வியர்வையில் வாட்ச் வழுக்கும், அப்போது அது இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். என் கால்கள் நிமிடத்துக்கு 170 அடி வைக்கும். உழைப்பாளர் சிலை பக்கம் தோழியோடு பேசிக்கொண்டே மெதுவாகப் போகிறேன், வாட்ச் 171 என்கிறது. நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 140 கூட இல்லை. பட்டை இப்படி ஏமாறாது. இதயம் சுருங்கும்போது எழும் மின் துடிப்பையே நேராகப் பிடிக்கிறது.

சரியான எண் கையில் கிடைத்ததும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. மார்ச்சில் 145 துடிப்பில் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடம் 40 விநாடியில் ஓடினேன். மே நடுவில் அதே 145-க்கு 7:25 ஆனது. விடியற்காலை நாலரை மணிக்கும் காற்று ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டுகிறது. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, ஆவியானால்தானே உடம்பு குளிரும். ரத்தத்தில் ஒரு பங்கு சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போய்விடுகிறது. வியர்க்க வியர்க்க ரத்தத்தில் நீரும் குறைகிறது. ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைவதால், இதயம் கூடுதலாகத் துடித்து அதை ஈடுகட்டுகிறது. நான் பலவீனமாகவில்லை, என் இதயம் இரண்டு வேலை பார்க்கிறது. இது புரிந்த பிறகு கோடை முழுக்க வேகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வாட்ச் திரையில் துடிப்பு மட்டும்தான்.

அந்தப் பொறுமை எனக்குப் பாதிதான் பட்டையால் வந்தது. மீதி டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்த்து வந்தது. அங்கே மாலை ஐந்தரைக்கு முடியும் பந்தயம் நமக்கு இரவு ஒன்பது மணி. அப்பாவும் நானும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துவிடுவோம். 2024 ஜூன் 29, முதல் நாள், புளோரன்ஸிலிருந்து ரிமினி. கடும் வெயில். 39 வயது மார்க் கேவண்டிஷ் சைக்கிளில் இருந்தபடியே வாந்தி எடுத்துக்கொண்டு கடைசியில் போகிறார். அவர் அணிக்காரர்கள் முன்னால் போகாமல் அவரைச் சுற்றியே ஓட்டுகிறார்கள்.

“ஏம்மா, இவர் இன்னைக்கு ஜெயிக்கப் போறதில்ல. இவங்க எதுக்குக் கூடவே போறாங்க?”

“குறிச்ச நேரத்துக்குள்ள கொண்டு சேர்க்கணும்பா. இல்லேன்னா நாளைக்கு ஓட்ட விட மாட்டாங்க.”

ஜெயித்தவருக்கு அரை மணி நேரத்துக்கும் மேலே பின்னால் வந்து சேர்ந்தார். ஜூலை 3-ஆம் தேதி அதே கேவண்டிஷ் சாங்-வுல்பாவில் பாய்ந்து தன் 35-ஆவது கட்டத்தை (ஒரு நாள் பந்தயம் ஒரு கட்டம்) வென்று, பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34-ஐத் தாண்டினார். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். மறுநாள் காலை 7:30 வேகத்தில் கலங்கரை விளக்கத்தை நோக்கிப் போனபோது, என்னை மற்றவர்கள் தாண்டிப் போனது உறுத்தவே இல்லை.

அந்த சைக்கிள் வீரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்று பனிக்கட்டி. வெயில் நாளில் மெல்லிய காலுறையில் பனிக்கட்டியை நிரப்பி, பின்கழுத்தில் சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். நான் அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து, ஃப்ரிட்ஜ் பனிக்கட்டி எட்டு பத்தை வைத்துச் சுருட்டி இரண்டு முனையும் முடிந்துகொண்டேன். நூல் நைந்த துணி என்பதால் தண்ணீர் நின்று நிதானமாகக் கசிந்து முதுகுத்தண்டில் இறங்கும். அதே வேகத்தில் ஐந்தாறு துடிப்பு குறைவாகவே காட்டியது, பனி கரையும்வரை இரண்டு கிலோமீட்டருக்கு. விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். அந்த ஐஸ் ஹவுஸ், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம்.

இனிப் பட்டையின் குறைகள். ஒரு வருஷம் வரும் என்ற பேட்டரி முதல் தடவை நாலு மாதத்தில் தீர்ந்தது. காரணம் நான்தான் கண்டுபிடித்தேன்: துடிப்பைப் பிடிக்கும் உணரியை ஈரப் பட்டையிலேயே மாட்டி வைத்தால், உடம்பில் இருப்பதாக நினைத்து அது விழித்தே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். இப்போது ஒன்பது மாதம் ஓடுகிறது. பட்டையைக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுகிறேன். ஒரு வாரம் சோம்பல்பட்டதில் பேட்டரி மூடிக்குள் துரு ஏறிவிட்டது. விற்ற கடையில் கேட்டதற்கு, வியர்வையால் வந்த துருவுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். வியர்ப்பதற்கென்றே விற்கிற பொருளுக்கு இப்படி ஒரு விதி இருப்பது அநியாயம், இதை அழுத்தியே சொல்கிறேன்.

பெண்களுக்கு ஒன்று. உள்ளாடையின் கீழ்ப்பட்டையும் இதுவும் ஒரே இடத்தில் உரசும். 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் குளிக்கும்போது எரிச்சல் உயிர் போகும். ஓரங்களில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், தோலைத் தொடும் மின்முனைகளில் படக் கூடாது, பட்டால் எண் தாறுமாறாகும். கட்டுவதற்கு முன் மின்முனைகளை நனைத்துக்கொள்ளுங்கள். நனைக்காமல் போனால் முதல் ஐந்து நிமிடம் 200-க்கு மேல் காட்டிப் பயமுறுத்தும். 14-ஆவது மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்து கீழே இறங்க ஆரம்பித்தது. பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கிறது, மாற்றிவிட்டேன்.

ஜனவரியில் சென்னை மாரத்தான். அந்தக் குளிர்ந்த காலையில் 145 துடிப்புக்கு 6:15 தானாக வந்தது. 42.195 கிலோமீட்டரை 4 மணி 36 நிமிடத்தில் முடித்தேன். அதற்கு முந்தைய வருஷம், பட்டை இல்லாமல், 32-இலேயே நடக்க ஆரம்பித்தவள் நான்.

இரண்டாவது கோடையில் ஒரு நாள் மட்டும் சொல்கிறேன். 2025 மே 31, இத்தாலியின் மூன்று வார சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் கடைசிக்கு முந்தைய நாள். கோலே டெல்லே ஃபினெஸ்த்ரே மலை. 2018-இல் முதலிடத்தில் இருப்பவர் அணியும் பிங்க் சட்டையோடு வந்த சைமன் யேட்ஸ் அங்கேதான் நொறுங்கிப்போனார். ஏழு வருஷம் கழித்து அதே மண்பாதையில் முன்னால் பாய்ந்து, மொத்தப் பந்தயத்தையும் கைப்பற்றினார். மூன்று வாரமாக அவசரப்படாமல் இருந்த மனிதர். படுக்கப் பதினொன்று ஆகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு, 28 கிலோமீட்டர். கத்திரி முடிந்திருந்தாலும் புழுக்கம் குறையவில்லை. முதல் பத்து கிலோமீட்டருக்கு 138-ஐத் தாண்ட விடவில்லை. காந்தி சிலைக்கு வந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது, வேட்டித் துணியில் பனி தீர்ந்திருந்தது. கடைசி கிலோமீட்டரில் குனிந்து பார்த்தேன்: 147.