வெற்றிக்கு அஞ்சுவது யார்? ஓர் இணையவழி உளவியல் வகுப்பின் மதிப்பீடு

பாலினப் பாத்திரங்களும் அதிகாரமும் குறித்த ஆறு வார இணையவழி வகுப்பு ஒன்றைச் சென்ற மாதம் முடித்தேன். அதன் உயிர்நாடி மூன்றாம் வாரம். மருத்துவக் கல்லூரியில் முதல் பருவத் தேர்வுக்குப் பின் வகுப்பிலேயே முதலிடத்தில் இருக்கும் ‘ஆன்’ என்ற பெண்ணைப் பற்றிக் கதை எழுதுமாறு மாணவியரிடமும், அதே நிலையிலுள்ள ‘ஜான்’ பற்றி எழுதுமாறு மாணவரிடமும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மட்டீனா ஹார்னர் கேட்டதையும், 90 பெண்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆனின் வெற்றியைத் தனிமை, பழி, மறுப்பு ஆகியவற்றோடு பிணைத்து எழுதியதையும், 88 ஆண்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே ஜானை அவ்வாறு கண்டதையும் ஆசிரியர் விளக்கிய விதம் அருமை. (எங்களுக்கும் அதே பயிற்சியைத் தந்தார், என் ஆன் விடுதி அறையில் தனியாக அழுதுகொண்டிருந்தாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

குறை அங்கேயே தொடங்குகிறது. பெண்கள் வெற்றிக்கு அஞ்சுகிறார்கள் என்ற 1968ஆம் ஆண்டின் அந்த ஆய்வை முடிந்த முடிவாக விட்டுவிட்டார்கள். ‘ஆன்’ பற்றி ஆண்களை எழுதச் சொன்னபோது அவர்களும் கசப்பான கதைகளையே எழுதினர் என்று 1970களின் ஆய்வுகள் காட்டின; ஆகவே அது பெண்ணின் உள்ளத்தில் உறைந்த அச்சமா, வென்ற பெண்ணைச் சமூகம் நடத்தும் விதத்தை அறிந்தவர்களின் கணிப்பா என்ற கேள்வியே வகுப்பின் மையமாக இருந்திருக்க வேண்டும். அதிகாரம் பற்றிய கடைசி இரு வாரங்கள் வெறும் ஊக்கப் பேச்சு. கட்டணத்தில் பாதி மூன்றாம் வாரத்துக்கே தகும்; மீதியைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.