ஏற்காட்டுக் குளிர்த் தொட்டிக்குச் சேலத்தில் வாங்கிய கபோம்பா

ஹீட்டர் இல்லாமல் தங்கமீன் வளர்க்கும் ஏற்காட்டு வீடுகளுக்கு, சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மீன் கடையில் கட்டாக விற்கும் பச்சைக் கபோம்பா என்ற நீர்ச்செடியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கடையில் கட்டித் தருகிற கோலத்திலேயே அதைத் தொட்டியில் இறக்கிவிடக் கூடாது. தண்டுகளைச் சேர்த்து ஈயப் பட்டையால் இறுக்கியிருக்கிறார்கள். பட்டையைப் பிரித்துப் பார்த்தால், அது அழுத்திய இடமெல்லாம் பழுப்பேறிக் கூழாகியிருந்தது. அந்தப் பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு, தண்டுகளை ஒவ்வொன்றாக, விரல்கடை இடைவெளி விட்டு மணலில் ஊன்றிய பிறகே கணுக்களிலிருந்து வெள்ளை வேர் இறங்கியது.

பையின் மேல் மிரியோஃபில்லம் என்று வேறொரு நீர்ச்செடியின் பெயரை எழுதியிருந்தது தவறு. கபோம்பாவின் இலைகள் பெரும்பாலும் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே நின்று, காம்பின் நுனியில் விசிறியாகப் பிரிகின்றன. மிரியோஃபில்லத்திலோ கணுவைச் சுற்றி வட்டமாக இலைகள் நிற்கும், ஒவ்வொன்றும் நடுநரம்பின் இருபுறமும் இறகாகப் பிளந்திருக்கும். பெயர் எதுவானாலும் விலை ஒன்றுதான் என்றார் கடைக்காரர். செடிகளைப் பிளாஸ்டிக் வாளியில் அமுக்கி வைக்காமல் விளக்குள்ள தொட்டியில் வைத்திருப்பதும், ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தருவதும் அவரது நல்ல பழக்கங்கள். கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் ஏறிய பின்னும் இலை உதிரவில்லை.

சுமார் 1,500 மீட்டர் உயரத்து மார்கழிக் குளிரில் இது மெதுவாக வளர்கிறதே தவிர, அழுகுவதில்லை. கபோம்பாவுக்கு உண்மையான எதிரி வெளிச்சக் குறைவு. மூடுபனி நாட்களில் சன்னல் வெளிச்சத்தை நம்பினால் கணுக்களின் இடைவெளி நீண்டு, அடியிலைகள் கொட்டி, தண்டு மட்டும் மிஞ்சும். ஆகவே எல்இடி விளக்கு அவசியம். உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மென்மையான நீரே இதற்கு ஒத்துவருகிறது என்பதால், பிடித்து வைத்த மழைநீரைக் கலந்து ஊற்றுகிறேன். நுண்ணிய இலைகளில் கசடு எளிதில் படிவதால், நீரோட்டத்தை மென்மையாக வைத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒழுங்காகக் கழுவ வேண்டியிருக்கிறது. தங்கமீன்கள் இளந்தளிரைக் கொறிக்கத்தான் செய்யும். செடி வேர் பிடிக்கும்வரை அவற்றை வேறு தொட்டியில் விடுவது நல்லது.

கத்தரித்த துண்டுகளை ஏற்காடு ஏரியிலோ ஓடையிலோ வீசக் கூடாது என்பதைக் கடைக்காரர் சொல்லியே விற்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த இந்தச் செடி, கணுவுள்ள சிறு துண்டிலிருந்தே தழைத்துவிடும். 2020இல் கோழிக்கோட்டு நீர்நிலையில் இளஞ்சிவப்பாகப் பூத்துப் பரவியதும் கபோம்பா இனம்தான். நான் வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடுகிறேன்.