ஃபியர் அண்ட் ஹங்கரா, ஓமோரியா? சேவ் பண்ணுற இடத்துலதான் விஷயம்

பயமுறுத்துகிற இண்டி ஆர்பிஜி (சின்னக் குழு செய்த, ஒரு கதாபாத்திரமாக இருந்து ஆடுகிற வீடியோ கேம்) ஒன்று வாங்கலாம் என்று தேடினால் இந்த இரண்டு பெயர்களும் கண்டிப்பாக வந்து நிற்கும். இரண்டையும் வாங்கி ஆடிவிட்டேன். விமர்சகர்களின் ஓட்டு ஓமோரிக்கு, என் ஓட்டு ஃபியர் அண்ட் ஹங்கருக்கு.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டுமே ஆர்பிஜி மேக்கர் என்கிற கேம் செய்யும் மென்பொருளில் செய்தவை. கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், டவுன்ஹால் ரோட்டில் செகண்ட் ஹேண்டில் எடுத்த லேப்டாப்பே தாங்கும். ஓமோரியில் வசனம் நிறைய. ஆங்கிலம் தடையில்லாமல் படிக்க வரவேண்டும். இசையில் ஓமோரிதான் மேல்.

ஓமோரி 2014இல் கிக்ஸ்டார்ட்டர் என்கிற தளத்தில் மக்களிடம் பணம் திரட்டி, தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2020 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. பென்சிலில் வரைந்த மாதிரி படங்கள், நண்பர்கள் கூட்டம், உள்ளே புதைந்து கிடக்கும் துக்கம் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 80க்கு மேல். கனவுலகப் பகுதி இழுக்கிறது என்பது அவர்களில் சிலர் சொன்ன குறை, எனக்கும் அப்படித்தான் பட்டது. சண்டையில் ஆட்களின் மனநிலைதான் கணக்கு: சந்தோஷம் கோபத்தை வெல்லும், கோபம் சோகத்தை வெல்லும், சோகம் சந்தோஷத்தை வெல்லும். அந்த யோசனை அருமை. ஆனால் கனவுலகத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் மாரி என்கிற அக்கா விரிப்பு போட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே போனால் சேவ் ஆகிவிடும், உடம்பும் தேறிவிடும். அடுத்து என்ன வந்தாலும் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது.

ஃபியர் அண்ட் ஹங்கரில் அது கிடையாது. ஃபின்லாந்துக்காரர் மிரோ ஹாவரினென் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆட்டம் இது. அப்போது பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. சில வருஷம் கழித்து யூடியூபில் நீள நீளமாக அலசல்கள் வந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. இதன் மேல் எல்லோரும் வைக்கிற புகார் ஒன்றுதான்: அநியாயக் கஷ்டம், சேவ் பண்ண விடமாட்டேன் என்கிறது.

புகாரில் பொய் இல்லை. நிலவறைக்குள் கட்டில் கிடைத்தால் படுக்கலாம், ஆனால் பூவா தலையா போட்டுப் பார்த்துத்தான். சரியாக விழுந்தால் சேவ், தப்பினால் தூக்கத்திலேயே ஆபத்து வந்து நிற்கும். பூவா தலையா போடாமலே சேவ் பண்ண விடுகிற புத்தகம் ஒன்று உண்டு, அது லேசில் கிடைக்காது. அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த அத்தை மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, காசு குடுத்து வாங்கி இப்பிடி அடி வாங்கணுமா?" என்றான்.

நான் வாங்கச் சொல்வதற்குக் காரணமே அந்த அடிதான். சண்டையில் ஜெயித்தாலும், மற்ற ஆர்பிஜிகளில் ஆளின் பலத்தை ஏற்றுகிற அனுபவப் புள்ளி எதுவும் கிடைக்காது. ஆகவே எதிரியைக் கண்டால் மோதுவதா, ஓடுவதா என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை என் ஆளுக்குக் கையில் காயம்பட்டுச் சீழ் வைத்துவிட்டது. பச்சை மூலிகை இருந்தால் ஆற்றிவிடலாம், பையில் இல்லை. எலும்பறுக்கும் ரம்பம் இருந்தது. கையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும், இரண்டு கையால் பிடிக்கிற வாளை அதன்பின் தூக்க முடியாது. கடைசியாகச் சேவ் பண்ணி வெகுநேரம் ஆகியிருந்தது. பசி வேறு ஏறிக்கொண்டே போகிறது. பழைய சேவுக்குத் திரும்பி வேறு வழி பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கையை அறுத்தேன். ஓமோரியின் எந்தப் பேயும் எனக்கு அந்த நடுக்கத்தைத் தரவில்லை. குறித்த தேதிக்குள் முடித்து விமர்சனம் எழுத வேண்டியவருக்கு இது குறையாகத்தான் தெரியும். பயப்படுவதற்கென்றே வாங்குகிறவருக்கு, காசு கொடுத்ததே இதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும் விமர்சகர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: இதில் பாலியல் வன்முறை இருக்கிறது, சில இடங்களில் அது தேவையே இல்லை. வீட்டுக் கூடத்தில் வைத்து ஆடவே கூடாது, சின்னப் பசங்களைக் கிட்டே விடாதீர்கள். ஓமோரியும் தற்கொலை, மன அழுத்தம் பற்றித் தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

ஃபியர் அண்ட் ஹங்கருக்கு 2022இல் வந்த இரண்டாம் பாகமான டெர்மினாவைக் கொஞ்சம்தான் தொட்டிருக்கிறேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அதில் மூன்று நாள்தான் கெடு, படுத்துச் சேவ் பண்ணினால் பொழுது நகர்ந்துவிடும். அந்தக் கணக்கு இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

டெஸ்க்டாப்பில் ஆடுகிறவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் கரண்ட் மாறுகிற அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். ஓமோரியில் போவது கொஞ்சம், ஃபியர் அண்ட் ஹங்கரில் ஒரு சாயங்காலமே போய்விடும்.