பூநாரை பார்க்க சூலூர்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா ரோடு

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆட்கள் பூநாரை என்றாலே பழவேற்காட்டுக்குத்தான் வண்டியை விடுகிறோம். அதே ஏரிக்கு ஆந்திரா பக்கமாக இன்னொரு வழி இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் மேல். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோடு, சுமார் 18 கிலோமீட்டர், பறவைகள் சரணாலயத்துக்கு நடுவே ஏரியைக் கிழித்துக்கொண்டு போகிறது. படகு ஏற வேண்டாம். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்ததை நினைத்துப் பயப்படுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் தைரியமாகக் கூட்டிப் போகலாம்.

சூலூர்பேட்டை வரை லோக்கல் ரயிலே போகிறது, ஆனால் பல வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், பார்த்து ஏறுங்கள். அங்கே ஆட்டோ பேசும்போது நடுவில் நிறுத்துவதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ‘வெயிட்டிங்’ என்று தனியாகக் கேட்டு மனுஷனைக் கடுப்பேற்றிவிட்டார்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் காலையிலேயே போய்விடுவது நல்லது. ரோடு கிழக்கு மேற்காக ஓடுவதால், அந்த மாதங்களில் வடக்குப் பக்கம் திரும்பி நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகின் மேல்பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு சேற்றை வடிகட்டித் தின்னும், காலால் மிதித்து மிதித்துக் கலக்கிக்கொண்டே நகரும். அது பாட்டுக்கு மேய்கிறபோது பார்த்தால் பெரிதாக நிறம் இருக்காது, வெள்ளைதான், திடீரென்று கூட்டம் எழுந்து இறக்கையை விரித்ததும் சிவப்பும் கறுப்புமாக வானமே மாறிப்போகும். கூழைக்கடாவும் நிறைய உண்டு. ஒன்று, ஏரியில் தண்ணீர் ரொம்ப நிறைந்திருந்தாலும் பூநாரை தள்ளிப் போய்விடும், கால் எட்டுகிற ஆழம் வேண்டுமல்லவா. மழை பொய்த்தால் வெறும் சேறுதான்.

குறை என்றால் நிழல் சுத்தமாகக் கிடையாது, கழிப்பிடத்தை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் கட்டாயம். லாரியும் பஸ்ஸும் வேகமாக வரும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். கடைசியில் விண்வெளி மையத்தின் கேட், பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், அதனால் அதுவரை போய்த் திரும்பி ஆட்டோ காசை வீணாக்க வேண்டாம். ராக்கெட் விடுகிற அன்றைக்கு இந்தப் பக்கமே வராதீர்கள், போலீஸ் கெடுபிடி. அதைத்தான் நம்ம மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாமே.