டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்': சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்

பழைய ராக் கச்சேரிப் பதிவு ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்ப்பிளின் இந்த ஆல்பத்தைத்தான் சொல்வேன். 1972 ஆகஸ்ட் 15, 16இல் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் நடந்த கச்சேரிகளில் எடுத்தது. ஜப்பான் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதால் நடந்த பதிவு இது, குழுவுக்கு அதில் பெரிய நாட்டம் இல்லை. ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் எட்டு டிராக்கில், அதாவது எட்டுத் தனித்தனித் தடங்களாக, பதிந்தார். அப்புறம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எதையும் மறுபடி வாசித்து ஒட்டவில்லை, மேடையில் நடந்ததுதான் நம் காதில் விழுகிறது.

இதை ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பாட வேண்டும். எனக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு என்பதால் உப்புக்காற்றில் ஸ்பீக்கர் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும், அவ்வப்போது உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் ஒரு பக்கம் கரகரவென்று இழுத்து அப்படியே அடங்கிப்போகும். இந்த ஆல்பத்தில் ஒரு பக்கம் போனால் பாதிக் கச்சேரி போச்சு, ஏனென்றால் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன் (மின்சாரக் கீபோர்டு வாத்தியம்) ஒரு பக்கம், ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் மறுபக்கம். லார்ட் ஆர்கனை கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் விட்டு உறும வைப்பவர், சில இடங்களில் எது ஆர்கன், எது கிட்டார் என்பதையே சத்தம் வரும் பக்கத்தை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.

எனக்கு உயிர் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்'. நடுவில் பிளாக்மோர் ஒரு துணுக்கை வாசித்துவிட்டு நிறுத்த, பாடகர் இயான் கில்லன் அதையே தொண்டையில் பிடித்துத் திருப்பித் தர, அவர் இன்னும் மேலே போக, இவரும் விடாமல் ஏற, கடைசியில் கில்லன் நீளமாக ஒரு கத்தல் கத்துகிறார் பாருங்கள், திருவிழாவில் நாயனமும் தவிலும் சவால் விட்டுக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும். 'சைல்ட் இன் டைம்' பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேலே ஓடும், அதில் வார்த்தையே இல்லாமல் குரல் படிப்படியாக ஏறும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. 'தி மியூல்' முழுக்க இயான் பெய்ஸின் டிரம்ஸ்தான், நன்றாக இருக்கிறது.

'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் இருபது நிமிடம். ஸ்டூடியோவில் ஐந்து நிமிடம்கூட இல்லாத பாட்டு அது. தொடக்கம் அடி தூள், நடுவில் எனக்குத் தொய்கிறது.

முதல்முறை கேட்பவர்களுக்கு ஏழு பாட்டு உள்ள பழைய ஆல்பமே போதும். அது பிடித்துப்போய் மூன்று இரவும் வேண்டும் என்று தோன்றினால் 2014இல் வந்த பெரிய செட் இருக்கிறது, அதில் 16ஆம் தேதியிலிருந்து ஆரம்பியுங்கள், ஏழில் நாலு பாட்டு அந்த இரவில் எடுத்ததுதான்.