மெனோபாஸ் ஆதரவுக் குழுவில் தன்னார்வ வழிகாட்டி வேலை: சேரலாமா?

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருக்கும் பெண்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு தமிழில் நடத்தும் இணையவழிக் குழுவில் நான் வழிகாட்டியாக இருக்கிறேன், சம்பளம் கிடையாது, போன் டேட்டா உட்பட எல்லாம் நம் செலவு. நாமும் சேரலாமா என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகச் சேரலாம், ஆனால் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வாரம் ஒரு நாள் ஜூமில் கூட்டம், மற்ற நாட்களில் வாட்ஸ்அப். கூட்டம் இரவு ஒன்பது மணிக்குத்தான், அடுப்படி வேலை முடிந்தால்தானே யாரும் வர முடியும். பாதிப் பேர் மொட்டை மாடியிலிருந்து பேசுவார்கள், வீட்டில் யார் காதிலும் விழாத இடம் அது ஒன்றுதான். கேமரா போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்பது இங்கே விதி, இருப்பதிலேயே நல்ல விதி இதுதான். ஒரு அக்கா வரும்போதெல்லாம் வாய் திறக்காமல் "எனக்கும்" என்று மட்டும் சாட்டில் போடுவார். ஒரு நாள் அவரே மைக்கைப் போட்டு, பிறப்புறுப்பில் வறட்சியாக இருக்கிறது, கணவர் பக்கத்தில் வந்தாலே வலியை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று சொன்னார். அதுவரை தூக்கம் இல்லை, வியர்த்துக் கொட்டுகிறது என்பதோடு நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். இதற்கு வைத்தியம் இருக்கிறது, மகளிர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பயிற்சி நன்றாகவே இருந்தது. மருந்தின் பெயரைப் பரிந்துரைக்கக்கூடாது, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லவே கூடாது. பன்னிரண்டு மாதம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "சூடா இருக்கும்க்கா, மோர் குடிங்க" என்று யாரையும் சொல்ல விடாமல், உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"ஹார்மோன் மாத்திரை போட்டா கேன்சர் வருமாமே" என்பது ஓயாமல் வரும் கேள்வி. இந்தப் பருவத்தின் தொல்லைகளுக்குக் கொடுக்கும் இந்த மாத்திரையைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை, மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடியதால் 2002இல் பாதியில் நிறுத்தினார்கள், அந்தப் பயம்தான் இன்னும் ஓடுகிறது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. எடுங்கள் என்றும் சொல்ல மாட்டோம், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம். மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல், பக்கவாதம் வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லி, அவரோடு பேசி முடிவெடுக்கச் சொல்வோம்.

பொடி, கேப்ஸ்யூல் விற்க வருபவர்களை அட்மின் அன்றைக்கே நீக்கிவிடுகிறார், அது பெரிய நிம்மதி.

குறை என்றால், சின்ன வயதிலேயே நின்றுபோனவர்களுக்குத் தனிக் குழு இல்லை. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டதால் முப்பத்தைந்து வயதில் இந்த அவஸ்தையில் மாட்டிய பெண்ணிடம், "எல்லாருக்கும் வர்றதுதானேம்மா" என்று பெரியவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவள் அடுத்த வாரம் வருவதில்லை. கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை, வழிகாட்டிகளைக் கவனிக்க ஆளில்லை. "வாழவே பிடிக்கலை" என்று நடுராத்திரியில் செய்தி வரும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கொடுத்து, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள் என்று சொல்லி, அவர் அழைக்கும்வரை கூடவே இருக்க வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள், சரி. அப்புறம் விடிய விடியத் தூங்காமல் கிடக்கும் நமக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு கூட்டத்துக்கு இரண்டு வழிகாட்டிகள், முடிந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வைப்பது என்று நாங்களாகத்தான் ஏற்பாடு செய்துகொண்டோம்.

ஆகவே சேருவதற்கு முன்பு கேளுங்கள்: தனியாக நடத்தச் சொல்வீர்களா, சந்தேகம் வந்தால் கேட்க டாக்டர் இருக்கிறாரா, மனசு கனத்துப்போனால் நான் யாரைக் கூப்பிடுவது. இதற்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.